கவிழ்த்து வைத்த கோப்பை

தேய்த்துக்கொண்டிருந்த சட்டையின் காலரை விட்டுவிட்டுக் கைமடிப்புக்குப் போனார்; மறுபடியும் காலருக்கே வந்தார். இஸ்திரி அண்ணன் என்றுதான் ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள்; பெரிய டாக்டருக்கு மட்டும் அவர் வெறும் இஸ்திரி. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கத்தியும் கிடுக்கியும் எடுத்துக் கொடுக்கிற நர்ஸாகச் சேர்ந்து, அதே டேபிள் ஓரத்தில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை, சட்டை கசங்கியும் பார்த்ததில்லை. "வந்ததும் கழட்டி மாட்டிட்டு தியேட்டர் துணிக்கு மாறப்போறீங்க, அதுக்கு எதுக்குண்ணே இந்தத் தேய்ப்பு?" என்று கேட்டவர்களிடம், "வாசல்ல பாக்கிறவனுக்கு நான் உள்ள என்ன போட்டிருக்கேன்னு தெரியுமா?" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்றைக்கு அந்தச் சட்டை மன்னிப்புக் கேட்கப் போகிறது. அதனால்தான் காலர் அத்தனை பாடுபட்டது.

"அப்பா, அந்தக் காலர் உங்களை என்ன பண்ணிச்சு? பாவம், விட்டுடுங்க" என்றாள் மகள், சமையலறை வாசலில் சாய்ந்தபடி.

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டார்.

"நான் உங்களைப் போகச் சொல்லலை."

"நீ சொல்லிப் போற வயசா எனக்கு?"

"போய் என்ன சொல்வீங்க?"

"என் பொண்ணு தெரியாம செஞ்சுட்டா, மனசுல வெச்சுக்காதீங்க டாக்டர்னு சொல்வேன்."

"தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"அதை நான் சொல்ல முடியாது."

"அப்ப பொய் சொல்லப் போறீங்க. அதுக்கு இவ்வளவு இஸ்திரி."

அவள் நாக்கு அவள் அம்மாவுடையது இல்லை. அம்மாவுக்கு அடி எடுத்து வைத்தால் சத்தம் கேட்காது, வாய் திறந்தாலும் அப்படித்தான். பூனை சிஸ்டர் என்று தியேட்டரே அழைத்தது. இந்த நாக்கு அவருடைய சொந்த வம்சத்து நாக்கு. அது தெரிந்திருந்ததால் அவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். மகளும் அதே ஆஸ்பத்திரியில், அதே தியேட்டரில், அதே வேலைதான் பார்த்தாள். ஆனால் அவரும் அவர் மனைவியும் ஆஸ்பத்திரியின் ஆட்களாக இருந்தார்கள். மகள் ஏஜென்சி வழியாக வந்த கான்ட்ராக்ட் ஆள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நிறமே வேறு. மாதக் கடைசியில் அவள் கான்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது பெரிய டாக்டர் வாயில் இருக்கிறது. அந்த வாய் கோபமாக இருந்தது. பெரிய வயிற்று ஆபரேஷன் ஒன்று காலையில் ஆரம்பித்து மத்தியானம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் பாதியில் டேபிளை விட்டு வெளியே போய்விட்டாள். "நேர்ல வந்து மன்னிப்பு கேக்கட்டும், நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்" என்று பெரிய டாக்டர் சொல்லி அனுப்பினார். மகள் மாட்டேன் என்றுவிட்டாள்.

வேலை போவதைவிட இன்னொன்று அவரை அரித்தது. சேதி ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் அவருடைய அக்காவின் காதுக்கும் போயிருந்தது. அக்கா காலையிலேயே போன் செய்துவிட்டாள்.

"தம்பி, கேள்விப்பட்டது நெஜமா? நம்ம வீட்டுப் பொண்ணு வயித்தைத் திறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாளாமே?"

"திறந்தது டாக்டர், அக்கா."

"யாரு திறந்தா என்ன? மூடுற வரைக்கும் நிக்க வேண்டாமா? உன் பொண்டாட்டி அப்படியா நின்னா? வயித்துல இவளைச் சுமந்துக்கிட்டே நின்னவ இல்லையா?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே கிடந்தது. ஏனென்றால் அது அவரே ஊருக்கெல்லாம் சொல்லிவைத்த பெருமை. விருந்தாளி வந்தால், சம்பந்தம் பேச வந்தால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் சும்மா இருந்தால்கூடச் சொல்வார்: 'மாத்த ஆள் வராம எங்க வீட்ல யாரும் டேபிளை விட்டு நகர்ந்தது கிடையாது.'

*

ஆஸ்பத்திரி வாசலில் புது வாட்ச்மேன். யாரைப் பார்க்க, எதற்கு என்று கேட்டான். அவர் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, "நான் இங்க ஆபரேஷன் தியேட்டர் இன்சார்ஜா இருந்தவன்" என்றார். அவன் அசையவில்லை. நல்லவேளையாகத் தியேட்டர் ஆயா, சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். "யோவ், அவரை விடுய்யா, நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே இந்தக் கதவுக்கு எண்ணெய் போட்டவர்" என்று கூவி அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"எளைச்சுட்டீங்கண்ணே."

"நீ எனக்கும் சேத்து சாப்பிட்டிருக்கே."

"வாய் மட்டும் எளைக்கலை."

மாடியில் தியேட்டர்களுக்குப் போகும் நடையில், தரையில் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் போவதென்றால் வெளித்துணியை மாற்றியாக வேண்டும். பெரிய டாக்டர் ஒரு கேஸ் முடித்து டீ அறைக்குத்தான் வருவாராம். ஆகவே ஆயா ஒரு பச்சை உடுப்பையும் ரப்பர் செருப்பையும் கொடுத்தாள். உடை மாற்றும் அறையில், அவர் அத்தனை நேரம் தேய்த்த சட்டை ஆணியில் தொங்கியது. பச்சைத் துணி வெந்நீரும் சலவைச் சோடாவும் கலந்து மணத்தது. தலையைச் சட்டைக்குள் நுழைத்த அந்த ஒரு நொடியில் அவருக்கு முப்பது வயது.

டீ அறை இரண்டு தியேட்டர்களுக்கு நடுவில், கோட்டுக்கு உள்ளேயே இருந்தது. நீள பெஞ்சு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஜன்னல், ஜன்னல் விளிம்பில் புறா. சுவரில் மரப்பலகை. பலகையில் கோப்பைகள்.

அந்தக் கோப்பைகளை அவர் எப்படி மறப்பார்? காலையில் வேலைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தன் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்கள். டீ குடித்து முடித்தவர் கழுவி நிமிர்த்தி வைப்பார். டேபிளில் கவுன் போட்டு நிற்பவர் தானாக வெளியே வர முடியாது, கடிகாரம் பார்க்க முடியாது, மூக்கு அரித்தால் சொறியக்கூட முடியாது. ஆகவே டீ குடித்துவிட்டு எழுந்திருக்கிறவர் பலகையைப் பார்ப்பார். யார் கோப்பை இன்னும் கவிழ்ந்து கிடக்கிறதோ அவர் நிற்கும் தியேட்டருக்குப் போவார். கையைக் கழுவி, கவுன் போட்டு, டேபிளில் இருக்கும் கருவிகளையும் துணித்துண்டுகளையும் அவரோடு சேர்ந்து எண்ணி வாங்கிக்கொண்டு, "போய்ட்டு வாங்க" என்பார். கைமாத்து என்று அதற்குப் பெயர். கைமாத்து வாங்கியவர் மறுநாள் கைமாத்தாகவே திருப்பிக் கொடுப்பார். யாரும் உத்தரவு போட்டு நடந்ததில்லை. கண் இருந்தால் போதும்.

அவருக்கும் பூனை சிஸ்டருக்கும் அந்தப் பலகைதான் தரகர். பெரிய டாக்டரின் கை கேட்பதற்கு முன்பே என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியிலேயே அவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர் யார் போய் நின்றாலும் டாக்டர் முகம் கோணும். ஆகவே அவரை மாற்றிவிட அவளும், அவளை மாற்றிவிட அவரும்தான் போக வேண்டும். அவர் டீ குடிக்கும்போது அவள் டேபிளில். அவள் குடிக்கும்போது அவர் டேபிளில். பெண் பார்க்கிற முறையெல்லாம் உலகத்தில் எத்தனையோ உண்டு. இவர் அவளை முகமூடிக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணாக மட்டும் மாதக்கணக்கில் பார்த்தார். ஒருநாள் அவர் டீ அறைக்கு வந்தபோது, கெட்டில் ஆறாமல் இருக்க அதன் மேல் துண்டு சுற்றியிருந்தது. சாஸரில் அரை பிஸ்கட். மறுநாள் அவர் தன்னுடையதில் அரை பிஸ்கட் வைத்தார். "யாருக்குடா பாதி?" என்று கேட்ட சகாக்களிடம், "எறும்புக்கு" என்றார். "எறும்புக்கு நர்ஸ் வேலையா?" என்று அவர்கள் சிரித்தார்கள். அந்த அரை பிஸ்கட்டிலேயே பேச்சு முற்றிக் கல்யாணம் வரை போனது. கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்த புருஷனும் பெண்டாட்டியும், ஓய்வு பெறும் வரை அந்த பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்ததில்லை. அவள் ஓய்வு பெற்ற அன்று இலைப் படம் போட்ட தன் கோப்பையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். இன்று அது வீட்டுக் கண்ணாடி அலமாரியில், அவர் கோப்பைக்குப் பக்கத்தில். அவள்தான் இல்லை.

"அண்ணே, உக்காருங்க." தலைமை நர்ஸ் உள்ளே வந்தாள். அவர் இன்சார்ஜாக இருந்தபோது புதிதாகச் சேர்ந்தவள், இப்போது அவளுக்கே நரை. கெட்டிலைத் தூக்கினாள். "டீ ஊத்தட்டுமா?"

"என் கோப்பை இங்க இல்லையேம்மா."

"விருந்தாளிக்குப் பேப்பர் கப் இருக்கு."

பேப்பர் கப்பை வாங்கிக்கொண்டு அவர் பலகையைப் பார்த்தார். "என் பொண்ணுது எது?"

தலைமை நர்ஸ் கெட்டிலை வைத்தாள். "அவங்களுக்கெல்லாம் இங்க இடம் இல்லைண்ணே. கான்ட்ராக்ட் ஆளுங்க ஓய்வறை கீழ, லாண்ட்ரிக்குப் பக்கத்துல."

"கீழன்னா கோட்டுக்கு வெளிய?"

"ஆமா."

"அப்ப துணி மாத்தணும். இறங்கணும். குடிச்சுட்டு ஏறணும். மறுபடி துணி மாத்தணும்."

"அதனாலதான் நிறையப் பேரு போறதே இல்லை."

"அவங்களுக்குக் கைமாத்து யாரு?"

"அவங்க ஏஜென்சி ஆளைத்தான் ஏஜென்சி அனுப்பணும். எங்க ஆளு போய் நின்னா, 'பர்மனென்ட் ஸ்டாஃபை எதுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு விட்டே?'ன்னு மேல இருந்து கேள்வி. ஏஜென்சி சூப்பர்வைசருக்கு தியேட்டருக்குள்ள வர அனுமதி இல்லை. அவருக்குப் போன் பண்ணித்தான் ஆள் கேக்கணும். போன் வெளிய லாக்கர்ல."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயம்தான். "அன்னைக்கு என்னதான் நடந்தது? என் பொண்ணு வாயைத் திறந்தா நெருப்பு, மூடினா பூட்டு. நீ சொல்லு."

"நானும் பாக்கலைண்ணே, பக்கத்து தியேட்டர்ல நின்னேன். கேட்டதைச் சொல்றேன். காலைல நின்னவ. மூணு தடவை ஆள் கேட்டிருக்கா. டேபிள்ல நிக்காம சாமான் எடுத்துத் தர்ற ரவுண்ட்ஸ் நர்ஸ்தான் வெளிய போய்ப் போன் பண்ணியிருக்கா. 'ஆள் இல்லை'ன்னு பதில். அப்புறம் டாக்டர் ரத்தக் கசிவெல்லாம் கட்டி முடிச்ச நேரமாப் பாத்து, ரவுண்ட்ஸ் நர்ஸைக் கவுன் போட வெச்சு, கணக்கு எண்ணி ஒப்படைச்சுட்டு வெளிய வந்திருக்கா. கீழ போகலை. இங்க வந்தா." அவள் பலகையில் ஒரு கோப்பையைக் காட்டினாள். "என் கோப்பைல குடிச்சா."

"என்னது?"

"கவிழ்ந்திருந்த என் கோப்பைய எடுத்து, குடிச்சு, நல்ல பிள்ளையா கழுவி நிமிர்த்தி வெச்சுட்டா. நிமிர்ந்திருக்குன்னா நான் குடிச்சாச்சுன்னு தானே அர்த்தம்? சாயங்காலம் வரைக்கும் ஒரு ஈ காக்கா என்னை மாத்த வரலை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். டேபிளை விட்டு வந்ததைவிட இது அவரைச் சுட்டது. பலகை வீட்டில் பிறந்த பெண் செய்கிற தப்பா இது?

"கோவம் வந்துச்சுண்ணே, மறைக்க மாட்டேன். மறுநாள் காலைல அவளா வந்து, 'அக்கா, எனக்கு இங்க கோப்பை இருந்ததே இல்லை, வழக்கம் தெரிஞ்சும் கை மறந்துடுச்சு, என்னைத் திட்டுங்க'ன்னு நின்னா. நல்லாத் திட்டினேன். வாங்கிக்கிட்டா. அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிச்சேன். என் கோப்பை ஒரு நாள் பொய் சொன்னதுக்கே கால் இப்படி வலிக்குதே, கோப்பையே இல்லாதவங்க தினம் எப்படி நிக்கிறாங்கன்னு."

*

பெரிய டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே நுழைந்தார். அவருக்கும் வயசாகிவிட்டது, கூன் விழுந்திருந்தது. கத்தி பிடித்த விரல்கள் மட்டும் அப்படியே இருந்தன.

"யாரு, இஸ்திரியா? என்னய்யா, ஓய்வு வாங்கியும் இந்தத் துணிய விடமாட்டேங்கிறே?"

அவர் எழுந்து நின்றார். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. "டாக்டர், என் பொண்ணு செஞ்சது..."

"உன் பொண்ணு புதுசா என்ன செஞ்சா? அம்மா செஞ்சதைத்தான் செஞ்சா." டாக்டர் தலைமை நர்ஸ் ஊற்றிய டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். "புலிக்குப் பிறந்தது பூனையாகாதும்பாங்க. உன் வீட்ல பூனைக்குப் பிறந்தது புலியாயிடுச்சு. அவளாவது அன்னைக்கு மெதுவா சொல்லிட்டுப் போனா. இவ எல்லார் முன்னாடியும்..."

"அவ அம்மா என்ன செஞ்சா?"

டாக்டர் கோப்பையை வாயருகே வைத்தபடி அவரைப் பார்த்தார். "உனக்குத் தெரியாது?"

"எது?"

"என்னய்யா, இத்தனை வருஷம் என்ன குடும்பம் நடத்தினே?" சிரிக்கப் போனவர், எதிரில் நின்ற முகத்தைப் பார்த்துச் சிரிப்பை மடித்து வைத்தார். "நீ இங்க வர்றதுக்கு முன்னாடி நடந்தது. நான் அப்ப சின்ன டாக்டர், கோவக்காரன். ஒரு கேஸு, போய்க்கிட்டே இருக்கு. அவதான் நின்னா. மேட்ரன்கிட்ட ரெண்டு தடவை ஆள் கேட்டா. 'பொறுத்துக்கோ'ன்னு பதில். திடீர்னு கடைசிக் கிடுக்கியைத் தட்டுல வெச்சு, எல்லாத்தையும் எண்ணி, 'கை நடுங்குது டாக்டர். நடுங்குற கையால உங்களுக்குக் கத்தி குடுக்க மாட்டேன்'னா. போயிட்டா. காலடிச் சத்தம்கூடக் கேக்கலை. நான் ஆடின ஆட்டம் இருக்கே! வேலைய விட்டே தூக்கணும்னு குதிச்சேன். மறுநாள் வந்தா. இந்தப் பலகைல தன் கோப்பையைக் கவிழ்த்து வெச்சா. 'இது இப்படி இருந்தா நான் இன்னும் குடிக்கலைன்னு அர்த்தம். கண்ணு இருக்கிறவங்க வந்து மாத்துங்க'ன்னா. ஒரு வாரத்துல எல்லாக் கோப்பையும் கவிழ்ந்துடுச்சு."

அவர் பெஞ்சின் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இது மேட்ரன் போட்ட ஒழுங்குன்னு நெனச்சேன்."

"மேட்ரனா? அந்தம்மா கோப்பையை உடைக்காம விட்டதே பெருசு."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"எப்படிய்யா சொல்வா? நீ வேலைக்குச் சேந்த முதல் வாரம், இதே பெஞ்சுல உக்காந்து, 'டேபிளை விட்டு நகர்றவன் மனுஷனே இல்லை'ன்னு பிரசங்கம் பண்ணினே. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவ முதுகைக் காட்டிக்கிட்டு அந்தக் குழாயில கோப்பை கழுவிட்டிருந்தா."

குழாய் அங்கேயே இருந்தது. சொட்டிக்கொண்டும் இருந்தது. விருந்தாளிகளிடம் அவர் அந்தப் பெருமையைச் சொல்லும்போதெல்லாம், அவள் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போவாள். புகழ்ந்தால் கூச்சப்படுகிறவள் என்று அவர் அதையும் சேர்த்துப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வாழ்நாளெல்லாம் அவர் கைமாத்து வாங்கிக் குடித்த டீ, அவள் டேபிளை விட்டு நகர்ந்ததால் கிடைத்த டீ. அந்த அரை பிஸ்கட்டும் அப்படித்தான்.

வெளியே ஸ்ட்ரெச்சர் ஒன்று உருண்டு போயிற்று. டாக்டர் இருமினார். "சரி, ஏதோ சொல்ல வந்தியே. சொல்லு, கேட்டுக்கிட்டு முடிச்சுடுவோம். பழைய ஆளு நீ."

அவர் எழுந்தார். முதுகு தானாக நேரானது.

"மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன் டாக்டர். இப்ப கேக்க முடியாது."

"ஏன்?"

"பொண்ணுக்காகக் கேட்டா, அவ அம்மாவுக்காகவும் கேட்ட மாதிரி ஆயிடும். அது என்னால ஆகாது."

தலைமை நர்ஸ் கெட்டில் மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அப்ப கான்ட்ராக்ட்?"

"உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னைக்குக் கணக்கு சரியா இருந்ததா?"

"இருந்தது."

"நோயாளி?"

"நேத்து நடந்தே வீட்டுக்குப் போனாரு."

"நடுவுல நீங்க டீ குடிச்சீங்களா?"

டாக்டர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். "அசிஸ்டென்ட் கிட்ட குடுத்துட்டு ஒரு தடவை வந்தேன்" என்றார் கடைசியில்.

"வந்தப்ப பலகையைப் பாத்திருப்பீங்க. அங்க என் பொண்ணு இல்லை. இல்லாத கோப்பையை எப்படிக் கவிழ்க்க முடியும் டாக்டர்?"

அவர் பேப்பர் கப்பை பெஞ்சில் வைத்தார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

"இஸ்திரி" என்றார் டாக்டர் பின்னாலிருந்து. "ஏஜென்சி சட்டம் வேற, என் சட்டம் வேற. வாக்குக் குடுக்க மாட்டேன். நான் சொன்ன புகாரை நானே திருப்பி வாங்கிக்கிறேன். மத்தது அவங்க கையில."

"பலகை உங்க கையில" என்றார் இவர், திரும்பாமலே.

தலைமை நர்ஸ்தான் பதில் சொன்னாள். "பலகை என் கையிலண்ணே. என் கோப்பைக்குப் பக்கத்துல எடம் இருக்கு. மேல இருந்து கேட்டா நான் பேசிக்கிறேன்."

ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். காலர் கொஞ்சம் மடங்கியிருந்தது. நீவிவிடாமலே படியிறங்கினார்.

*

மகள் கதவைத் திறந்தாள். "கேட்டீங்களா?"

"கேக்கலை."

"ஏன்?"

அவர் செருப்பைக் கழற்றி, கண்ணாடி அலமாரி முன்னால் போய் நின்றார். "உங்கம்மா ஒரு தடவை டேபிளை விட்டு வந்திருக்கா" என்றார், கோப்பைகளைப் பார்த்தபடி. மகள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தார்.

அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள். "தெரியும்பா."

"உனக்குத் தெரியுமா?"

"நான் நர்ஸிங் சேந்த அன்னைக்கே அம்மா சொன்னாங்க. 'உங்கப்பா காதுல போட்டுடாதே, மனுஷன் இடிஞ்சு போயிடுவாரு'ன்னாங்க. சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

"இத்தனை நாளா நான் உன்னைப் பேசின பேச்சுக்கு, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வாயை அடைச்சிருக்கலாமே?"

"அடைச்சிருக்கலாம். அப்புறம் அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

பெற்ற பெண் தன்னைத் தலைகுனிய வைத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தவர், அவளை முதல் முறை பார்ப்பதுபோல் பார்த்தார். வேலை போனாலும் போகட்டும் என்று வாயைப் பூட்டி வைத்திருக்கிறாள். குடும்ப மானம் என்று அவர் எதைச் சொல்லிக்கொண்டு அலைந்தாரோ, அதை இவள் சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாக்குதான் அவருடையது. மற்றதெல்லாம் பூனையினுடையது.

"ஆனா அடுத்தவ கோப்பையை நிமிர்த்தி வெச்சே பாரு, அதை என்னால..."

"அதுக்குத்தான் திட்டு வாங்கியாச்சே."

"எங்கிட்டயும் வாங்கு."

வாங்கிக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான்.

அன்று சாயங்காலம் போனில் அக்கா மறுபடி வந்தாள். "என்ன தம்பி, கால்ல விழுந்தியா? மன்னிச்சாங்களா?"

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க மன்னிப்பு கேக்கிற மாதிரி எதுவும் செஞ்சது கிடையாது, அக்கா" என்று சொல்லிப் போனை வைத்தார். அக்காவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கான்ட்ராக்டை நீட்டினார்கள். அடுத்த முறை எப்படியோ, இந்த முறை நீட்டினார்கள். சேதி வந்த மறுநாள் காலையில், இலைப் படம் போட்ட கோப்பையை அவரே கழுவித் துடைத்து, துண்டில் சுற்றி மகளின் பையில் வைத்தார். காது ஒரு தடவை உடைந்து ஒட்டின கோப்பை அது. "பாத்து" என்றார்.

"இது அலமாரியில இருக்கிறதுதானேப்பா அழகு?"

"உங்கம்மா இதை அழகு பாக்கவா வாங்கினா?"

"உங்க கோப்பையையும் எடுத்துட்டுப் போகவா? ஜோடியா இருக்கட்டும்."

"வேண்டாம். ஜோடியா உக்காந்து பழக்கமில்லை அதுங்களுக்கு."

வேலை முடிந்து அவள் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, பலகைல வெச்ச முதல் நாளே கைமாத்து வந்துடுச்சு! டீ அறைக்குப் போயிட்டு வந்த பெரிய டாக்டரே ரவுண்ட்ஸ் நர்ஸைப் பாத்து, 'அந்த இலைக் கோப்பை கவிழ்ந்து கிடக்கு, யாராவது கண்ணைத் திறங்க'ன்னு கத்தினாரு. வந்தது யாரு தெரியுமா? தலைமை நர்ஸ் அக்கா" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

உள்ளே பேச்சு நின்றது.

அடுப்பு மேடையில், கெட்டிலுக்குப் பக்கத்தில், அவருடைய வெள்ளைக் கோப்பை கவிழ்ந்து கிடந்தது. சாஸரில் அரை பிஸ்கட். அவர் கூடத்து நாற்காலியில், முதுகு சாயாமல், பேப்பரை விரித்துப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஓய்வு வாங்கினவருக்கு எதுக்குக் கைமாத்து?" என்றாள் மகள் உள்ளிருந்து.

"காலையில இருந்து நானும்தான் நிக்கிறேன்" என்றார் அவர்.

கோப்பை நிமிரும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இன்னொரு கோப்பை வைக்கும் சத்தமும் கேட்டது. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எழுந்து போய், அவளுக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.